மெலிவின் வரலாறும் மேனியின் சாட்சியும்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் மெலிந்துவிட்டார் என்றால், அவரைக் காணும் முதியோர் முகத்திற் கவலை படர்வது நெடுநாளைய வழக்கம். "என்ன பிள்ளை, மெலிஞ்சு போனாய்?" என்பதே எங்கள் ஊர்களில் நலம் விசாரிக்கும் முறை. மெலிவுக்குப் பின்னாற் பசி இருக்கலாம்; நோய் இருக்கலாம்; மனத்துயர் இருக்கலாம். இம்மூன்றும் குடாநாட்டு மக்களுக்கு அந்நியமானவையல்ல. ஆனால் அதே கேள்வி இன்று வேறொரு தொனியிலும் கேட்கப்படுகிறது. "நல்லாய் மெலிஞ்சிட்டியள் ரீச்சர், என்ன செய்தனீங்கள்?" என்று ஆவலோடு வினவும் காலமும் வந்துவிட்டது.

எம்மோடு ஆசிரியத் தொழில் புரியும் சகோதரி ஒருவரிடம் இக்கேள்வி ஓய்வறையிற் பலமுறை கேட்கப்பட்டதை நாம் அறிவோம். நீரிழிவும் மிகை எடையும் உடைய அவருக்கு, வாரம் ஒருமுறை ஏற்றும் புதிய ஊசிமருந்தொன்றை வைத்தியர் எழுதிக்கொடுத்தார். ஐந்து மாதங்களில் பதினான்கு கிலோ குறைந்தது. இரத்தத்தின் சீனி இறங்கியது. மாடிப்படி ஏறும்போது வந்த மூச்சு வாங்கல் நின்றது. ஆயினும் நான்காம் மாதத்தில், சீப்பில் கைப்பிடி கைப்பிடியாக மயிர் வந்தது. கன்னம் ஒட்டியது, மேற்கையின் தோல் தொங்கியது. பாராட்டிய வாய்களே இப்போது தாழ்ந்த குரலில், "தெல்லிப்பழைக்குப் போய் வருகிறாவோ?" என்று விசாரிக்கலாயின. தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை இருப்பது வாசகர் அறிந்ததே. அச்சகோதரி பயந்து போனார். மருந்தை நிறுத்துவதா, எண்ணெய்ப் போத்தல்களுக்கு மாதச் சம்பளத்திற் பாதியைக் கொடுப்பதா என்று தடுமாறினார். மருந்தைத் தந்தவர் எவரும், இப்படி நேரலாம், நேர்ந்தால் இன்னது செய்க என்று ஒரு சொல்லும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

மயிரையும் தோலையும் பற்றிப் பேசுவது அழகு நிலையங்களின் விடயம், சமுதாய நோக்குடைய ஏட்டில் இதற்கு இடமேது என்று சிலர் கருதலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. உடல் விரைந்து மெலியும்போது தோலுக்கும் மயிருக்கும் நேர்வது யாது என்னும் அறிவு, ஆராய்ச்சிச்சாலையின் கண்ணாடிக் குழாயில் மட்டும் பிறந்ததன்று. பசித்தவர்களின் மேனியிலும், தொழிலாளரின் மேனியிலும், சிறைப்பட்டவர்களின் மேனியிலும் வாசித்தறியப்பட்ட அறிவு அது. மக்களின் உடலிலிருந்து பெறப்பட்ட அவ்வறிவு மக்களின் மொழியில் அவர்களிடம் திரும்பி வந்து சேர்ந்ததா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

மேனி எழுதும் கணக்கு

முதலில் உடலின் இயல்பை அறிதல் வேண்டும். மனிதரின் தலையில் ஏறத்தாழ ஓர் இலட்சம் மயிர்கள் உள. அவற்றுள் நூற்றுக்கு 85 முதல் 90 வரையானவை எந்நேரமும் வளர்ந்துகொண்டிருக்கும். எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை ஓய்வு நிலையில் இருக்கும். ஓய்வு ஏறக்குறைய மூன்று மாதம். அது முடிந்ததும் பழைய மயிர் உதிர, அதே வேரிலிருந்து புதியது எழும். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு மயிர் உதிர்வது இயல்பு.

வீட்டில் வருமானம் திடீரெனக் குறைந்தால் இல்லத்தரசி என்ன செய்வாள்? அரிசிக்கும் பிள்ளையின் பாலுக்கும் உரிய பணத்தில் கை வைக்க மாட்டாள். முற்றத்துப் பூஞ்செடிக்குப் பசளை வாங்குவதையே முதலில் நிறுத்துவாள். உடலும் அவ்வாறே சிக்கனம் செய்கின்றது. உணவின் வரவு சடுதியாகக் குறையும்போது இருதயத்துக்கும் மூளைக்கும் உரியதை அது குறைப்பதில்லை. உயிர் வாழ்வுக்கு இன்றியமையாததல்லாத மயிரின் செலவைக் குறைக்கின்றது. வளர்ந்துகொண்டிருந்த மயிர்களிற் பெருந்தொகையானவை ஒரே வேளையில் ஓய்வுக்கு அனுப்பப்படுகின்றன. இரண்டு மூன்று மாதங்கள் கழித்து அவை யாவும் ஒருசேர உதிர்கின்றன. ஆகவேதான் காரணம் ஒரு பருவத்திலும் காரியம் வேறொரு பருவத்திலும் நிகழ்ந்து, பாதிக்கப்பட்டவர் இரண்டையும் தொடர்புபடுத்த இயலாது திகைக்கின்றார்.

இவ்வுண்மையை எங்கள் தாய்மார் வேறு வழியால் அறிந்திருந்தனர். நெருப்புக்காய்ச்சல் கண்டு எழும்பியவருக்குச் சில மாதங்களில் தலை மெலியும். பிள்ளை பெற்றவளுக்கு மூன்றாம் நான்காம் மாதத்தில் மயிர் கொட்டும். இவையும் மேற்கூறிய அதே நிகழ்ச்சியே. பெருங்காய்ச்சல், மகப்பேறு, சத்திரசிகிச்சை, கடும் உணவுக்குறைவு ஆகிய யாவும் ஒரே கதவைத் தட்டுகின்றன. இந்த உதிர்வில் வேர் இறப்பதில்லை. காரணம் நீங்கின், பெரும்பாலும் ஆறு மாதங்களுக்குள் உதிர்வு அடங்கி மயிர் மீள வளர்கின்றது. இதனை நாம் அழுத்திக் கூறுதல் வேண்டும். அச்சத்தின் பாதி அறியாமையினால் விளைவதே.

தோலின் கதை சற்று வேறானது. கொலாஜன், எலாஸ்டின் என்னும் புரத இழைகள் தோலுக்கு உறுதியையும் நெகிழ்ச்சியையும் தருகின்றன. பல்லாண்டுகள் விரிந்திருந்த தோலில் இவ்விழைகள் தேய்ந்துவிடுகின்றன. உள்ளேயிருந்த கொழுப்பு விரைந்து கரையும்போது தோல் அதே வேகத்திற் சுருங்க இயலாது தொங்குகின்றது. வயது முதிர்ந்தோர், நீண்டகாலம் பருத்திருந்தோர், புகைபிடிப்போர், வெயிலில் உழைப்போர் ஆகியோரிடத்து இது மிகுதி. முகத்தின் கொழுப்புக் கரைவதால் ஒருவர் சில மாதங்களிற் பல ஆண்டு முதுமையடைந்தவர் போலத் தோன்றுவதும் உண்டு.

பசியின் ஏடுகள்

மெலிவின் கணக்கை மேனியில் வாசிக்கக் கற்ற வரலாறு வேதனை மிக்கது. 1942ஆம் ஆண்டில், நாசிகள் வார்சோ நகரில் யூத மக்களைச் சுவரெழுப்பி அடைத்துப் பட்டினியிட்டிருந்த வேளையில், அச்சுவருக்குள் இருந்த யூத வைத்தியர்கள் தம் நோயாளரின் பட்டினியையே ஆராயத் தொடங்கினர். வைத்தியர் இசுராயேல் மிலெயிக்கோவ்ஸ்கி இப்பணிக்குத் தலைமை தாங்கினார். ஆராய்ந்தோரும் பட்டினி கிடந்தோரே. தோல் வறண்டு மெலிவது, நிறம் மாறுவது, மயிர் ஒளியிழப்பது யாவற்றையும் அவர்கள் குறித்தனர். அதே ஆண்டு யூலையில் மக்களை மரண முகாம்களுக்கு ஏற்றிச் செல்வது தொடங்கியதும் ஆராய்ச்சி நின்றது. அவ்வைத்தியர்களுட் பெரும்பாலோர் உயிர் பிழைக்கவில்லை. கடத்திக் காப்பாற்றப்பட்ட கைப்பிரதி 1946இல் நூலாயிற்று.

ஈராண்டுகளின் பின், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்பார் வேறோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார். போரில் ஆயுதமேந்த மறுத்த இளைஞர் 36 பேர், பட்டினியால் வாடும் ஐரோப்பிய மக்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தோடு தம் உடலை ஆராய்ச்சிக்கு ஒப்படைத்தனர். ஆறு மாதங்கள் அவர்களுக்கு அரைப்பட்டினி உணவு வழங்கப்பட்டது. உடல் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை அவர்கள் இழந்தனர். தோல் சொரசொரத்து வறண்டது, மயிர் உதிர்ந்தது, காயங்கள் ஆறத் தாமதித்தன. 1950இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்த அவ்வாராய்ச்சி இன்றும் பட்டினி பற்றிய அடிப்படை நூலாக விளங்குகிறது.

நாம் மேலே விளக்கிய மயிர் உதிர்வுக்கு மருத்துவப் பெயரிட்டு அதன் இயக்கத்தை 1961இல் வகுத்துரைத்தவர் அல்பேர்ட் கிளிக்மன் என்னும் அமெரிக்கத் தோல் வைத்தியர். அவரது பெயரோடு இன்னொரு செய்தியும் ஒட்டியிருக்கிறது. 1951 முதல் 1974 வரை பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பேர்க் சிறைச்சாலையில், பெரும்பாலும் கறுப்பின மக்களான கைதிகளின் தோலின் மீது, கம்பனிகளுக்காகவும் இராணுவத்துக்காகவும் அவர் பரிசோதனைகள் நடத்தினார். சில்லறைக் காசுக்காக முதுகைக் கொடுத்த அக்கைதிகள் தமக்கு என்ன பூசப்படுகிறது என்பதை முழுமையாக அறியாதிருந்தனர். இன்று செல்வர் வீட்டுக் கண்ணாடி மேசையில் இருக்கும் தோற்களிம்புகள் சிலவற்றின் பூர்வ கதை அந்தச் சிறையிலும் எழுதப்பட்டதாகும்.

மெலியவைக்கும் மருந்தின் வரலாறும் இதற்கு விலக்கன்று. முதலாம் உலகப்போரின்போது பிரான்சின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைத்ரோபீனோல் என்னும் இரசாயனத்தைக் கையாண்ட தொழிலாளர் மெலிந்தனர், வியர்த்துக் கொட்டினர், உடல் வெப்பம் ஏறிச் சிலர் மாண்டனர். தொழிலாளரின் இந்த அவலம் பின்னர் வேறொரு கண்ணாற் பார்க்கப்பட்டது. 1933இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அப்பொருளை எடை குறைக்கும் மருந்தாக அறிவித்தனர். வைத்தியரின் சீட்டு இல்லாமலே அது விற்பனையாயிற்று. தோலிற் கொப்புளமும் தடிப்பும் கண்டன, கண்ணிற் புரை விழுந்தது, உயிர்கள் போயின. 1938இல் இயற்றப்பட்ட மருந்துச் சட்டத்தின் பின்னரே அங்கு அதன் கதவு அடைபட்டது. அதன் பின்னும் பசியை அடக்கும் மாத்திரைகள் பல வந்தன. 1997இலும் 2010இலும் பெயர்பெற்ற சில, இருதயத்துக்குத் தீங்கு செய்தமையாற் சந்தையிலிருந்து நீக்கப்பட்டன.

இன்றைய ஊசிமருந்துகளை இவற்றோடு ஒரே தட்டில் வைத்தல் நியாயமாகாது. உணவு உண்டதும் குடலிற் சுரக்கும் ஓமோன் ஒன்றை அவை ஒத்தவை. இரைப்பை மெதுவாகக் காலியாகும்படி செய்து, போதும் என்னும் செய்தியை மூளைக்கு அனுப்புகின்றன. 1992இல் ஜோன் எங் என்னும் அமெரிக்க வைத்தியர், ஹீலா என்னும் பாலைவனப் பல்லியின் உமிழ்நீரில் இவ்வோமோனை ஒத்த பொருளொன்றைக் கண்டார். அதிலிருந்து பிறந்த நீரிழிவு மருந்து 2005இல் அனுமதி பெற்றது. 2021இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், செமாகுளுட்டைட் என்னும் மருந்தை வாரந்தோறும் 68 வாரங்கள் ஏற்றியவர்கள் சராசரியாக நூற்றுக்குப் பதினைந்து பங்கு எடை குறைந்தனர். நீரிழிவும் இருதய நோயும் உடையோருக்கு இம்மருந்துகளால் விளையும் நன்மை மெய்ப்பிக்கப்பட்டதாகும். உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டெம்பரில் இவ்வகை மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலிற் சேர்த்தது. விஞ்ஞானத்தின் இவ்வெற்றியை நாம் வரவேற்கின்றோம்.

ஆனால் செமாகுளுட்டைட்டின் அனுமதிப் பத்திரத்திலேயே, மருந்தேற்றிய வளர்ந்தோர் நூறு பேரில் ஏறத்தாழ மூவருக்கு மயிர் உதிர்ந்ததாகவும், வெறும் ஊசி ஏற்றியோரில் அது ஒருவருக்கே நேர்ந்ததாகவும் குறிக்கப்பட்டிருக்கிறது. மிக விரைந்து மெலிந்தோரிடத்தே இது கூடுதல். மருந்து நேரே மயிரைத் தாக்குவதைவிட, விரைவான எடையிழப்பும் உணவுக் குறைவுமே முதன்மைக் காரணங்கள் என்று கருதப்படுகின்றது. பசி அடங்கியவர் உண்ண மறக்கின்றார்; உணவோடு புரதமும் இரும்பும் துத்தநாகமும் குறைகின்றன. அதாவது, வார்சோவிலும் மின்னசோட்டாவிலும் பட்டினி எழுதிய அதே எழுத்தை, மிகச் சிறிய அளவில், இம்மருந்தின் பெயரால் உடல் மீண்டும் எழுதுகின்றது. வேண்டி மெலிந்தவர் யார், வேண்டாது மெலிந்தவர் யார் என்னும் பேதம் மயிர்வேருக்குத் தெரியாது.

குடாநாட்டின் அனுபவம்

இவ்வெழுத்தை வாசிக்க யாழ்ப்பாணத்தவர் மேனாட்டு நூல்களுக்குப் போக வேண்டியதில்லை. 1942இல் பர்மா யப்பானியர் கைப்பட்டதும் இலங்கைக்கு வந்த அரிசி தடைப்பட்டது. பங்கீட்டுக் காலத்தில் ஒடியல் மாவும் குரக்கனும் பல குடும்பங்களைக் காத்தன. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டின் மீது பொருளாதாரத் தடை இறுகியது. எரிபொருளும் பசளையும் மின்கலமும் மருந்துகள் பலவும் தடைக்கோ கட்டுப்பாட்டுக்கோ உட்பட்டன. சவர்க்காரம் அரிய பண்டமாயிற்று. பனம்பழக் களியால் துணி தோய்த்த பழைய வழக்கம் பல வீடுகளுக்குத் திரும்பி வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டபோது குடாநாடு மீண்டும் தனித்து, கடைகளில் மாவும் பாலும் அற்றுப்போயின. அக்காலங்களில் எங்கள் பிள்ளைகளின் மயிர் செம்பட்டை பற்றியதையும், தாய்மாரின் தோல் வறண்டு வெடித்ததையும் கண்டவர்கள் இன்றும் எம்மிடையே உளர். கூந்தல் மெலிந்த எங்கள் தாய்மாரின் பழைய புகைப்படங்கள் அக்காலப் பங்கீட்டு அட்டைகளைப் போலவே வரலாற்றுச் சான்றுகள்.

மேனியைப் பேணும் மரபும் எம்மிடம் இருந்தது. நல்லெண்ணெய் வைத்து அரப்பும் சீயாக்காயும் தேய்த்து முழுகுதல், செவ்வரத்தை இலையும் வெந்தயமும் அரைத்துத் தலைக்கிடுதல், பயற்றம் மாவால் மேனி கழுவுதல், அம்மன் நோய் நீங்கியபின் வேப்பிலை இட்டுத் தோயவார்த்தல், பிள்ளை பெற்றவளுக்குச் சரக்கரைத்த கறியாக்கிக் கொடுத்தல் என்பன அம்மரபின் கூறுகள். யாழ்ப்பாண அரசர் காலத்தனவாகக் கொள்ளப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் இவ்வழி வந்தவை. பரராசசேகரத்தின் ஒரு பகுதி சிரரோக நிதானம் என்றே பெயர் பெற்றது. 1930ஆம் ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை அவர்கள் இவ்வேடுகளை அச்சேற்றியிராவிடின் பல அழிந்திருக்கும்.

எனினும் மரபை ஆராய்வின்றிப் போற்றுதல் நமது நோக்கமன்று. எண்ணெய் முழுக்குக்குக் கிணறு வேண்டும். ஊர்க்கிணற்றில் நீர் அள்ளும் உரிமை சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட மக்களுக்கு மேனி பேணும் மரபு எங்கிருந்தது? வெயிலிற் குடத்தோடு காத்திருந்து, பிறர் ஊற்றிய நீரைக் கொண்டு சென்றவர்களின் மயிரும் தோலும் எந்த நிதான நூலிலும் இடம்பெறவில்லை. 1957இற் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் கிணறும் கோயிலும் தேநீர்க்கடையும் போராடியே திறக்கப்பட வேண்டியிருந்தன. மேனிப் பராமரிப்பு வாசனைத் தைலத்தில் அல்ல, நீரிலும் உணவிலும் தொடங்குகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மானிப்பாய் தந்த பாடம்

மக்களின் உடல் பற்றிய அறிவை மக்களின் மொழியிற் சொல்லல் இயலுமா என்னும் கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே யாழ்ப்பாணம் விடை கூறியது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மறு ஆண்டில் மானிப்பாயில் தம் வைத்தியப் பணியை நிலைநிறுத்தினார். அவர் மதம் பரப்ப வந்தவர் என்பதை நாம் மறக்கவில்லை. உள்ளூர் வைத்தியத்தை அவர் பல இடங்களிற் குறைவாக மதிப்பிட்டார் என்பதும் உண்மை. ஆயினும் ஒரு விடயத்தில் அவர் தம் காலத்தவர் பலரினும் தெளிவுடையவராயிருந்தார். தமிழ் மக்களுக்குரிய வைத்தியர் தமிழிற் கற்றல் வேண்டும். உடையிலும் உணவிலும் தம் மக்களினின்றும் அந்நியப்படலாகாது என்பது அவர் கொள்கை. 1864 முதல் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார்.

அவரும் அவருடைய மாணாக்கரும் ஆக்கிய நூல்களுட் பழையது அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல். 1857இல் வெளிவந்த இது, அமெரிக்கரான கல்வின் கட்டர் என்பாரின் பாடநூலைத் தழுவியது. தோலின் அமைப்பு, அதன் தொழில், மயிரும் நகமும், குளிப்பும் உடையும் என்பன பற்றி அம்மூலநூல் விரிவாகப் பேசுகின்றது. ஆகவே தோலையும் மயிரையும் நவீன உடற்கூற்றியலின் துணைகொண்டு தமிழில் விளக்கும் முயற்சி யாழ்ப்பாணத்துக்குப் புதிதன்று. அது 1857இலேயே எங்கள் மண்ணிற் கால்கொண்டுவிட்டது. இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் எனப் பின்னும் நூல்கள் தொடர்ந்தன. தமிழால் முடியாது என்பார்க்கு இந்நூல் வரிசையே தக்க மறுமொழி.

அப்பணி ஏன் நிலைக்கவில்லை? அரசாங்க உத்தியோகம் ஆங்கிலம் கற்றவர்க்கே கிடைத்தது. தமிழிற் கற்ற வைத்தியருக்கு மதிப்புண்டு, ஆனால் பதவி இல்லை என்ற நிலையில் மாணவர் ஆங்கிலத்தையே நாடினர். 1873இல் கிறீன் தாயகம் திரும்பிய சில ஆண்டுகளில் தமிழ் வழி மருத்துவக் கல்வி மங்கிப்போயிற்று. 1884இல் அவர் மறைந்தார். மொழியின் வறுமையன்று, அதிகாரத்தின் இருப்பிடமே அம்முயற்சியை முறித்தது.

இப்பொழுது மருந்துக்கடையில் ஒரு பெட்டியை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மடித்து வைத்த தாள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருக்கும். எழுத்தோ கண்ணுக்கெட்டாத அளவிற் சிறிது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் டேர்செப்படைட் என்னும் எடைகுறைப்பு ஊசியும், யூனில் செமாகுளுட்டைட்டின் எடைகுறைப்பு வடிவமும் அயல்நாடான இந்தியாவின் சந்தைக்கு வந்தன. புலம்பெயர்ந்த உறவினர் வழியே இவ்வகை மருந்து பற்றிய பேச்சும் ஆசையும் எங்கள் கிராமங்களை முன்னரே எட்டிவிட்டன. மருந்து கடலையும் எல்லையையும் கடந்து விரைந்து வருகின்றது. அதைப் பற்றிய அறிவு மட்டும் இன்னும் துறைமுகத்திற் காத்துக் கிடக்கின்றது.

செய்யத்தக்கது யாது?

இவ்வளவும் கூறியபின் பயன்படத்தக்க சிலவற்றைக் கூறாதொழிதல் முறையன்று. ஆசிரியரும் மாணவரும் தம் வீட்டாருக்கும் அயலாருக்கும் எடுத்துரைக்கத் தக்கவை இவை.

முதலாவது, கவனிப்புத் தட்டில் தொடங்க வேண்டும். பசி இல்லையென்று உணவைத் தவிர்க்காது, உண்ணும் சிறிதளவிலும் புரதத்துக்கு முதலிடம் கொடுத்தல் அவசியம். முட்டை, சூடை, நெத்தலி, பயறு, கடலை, உழுந்து ஆகியன எங்கள் சந்தையிலேயே கிடைப்பவை. குறைகின்ற எடையில் ஒரு பகுதி தசையாகையால், உடற்பயிற்சியோடு கூடிய புரத உணவு மயிருக்கு மட்டுமன்றித் தசைக்கும் காவல். மரக்கறி உண்போர் கீரையோடும் பருப்போடும் தேசிக்காய்ப்புளி சேர்த்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்கு உறிஞ்சப்படும். உணவோடு தேநீர் அருந்துதல் அதனைக் குறைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

இரண்டாவது, மாத்திரைகளைத் தாமே வாங்கி விழுங்கலாகாது. விற்றமின் ஏயும் செலேனியமும் அளவு மிஞ்சினால் அவையே மயிரை உதிர்க்கும். மயிருக்கென விற்கப்படும் பயோட்டின் மிகையாக உட்கொண்டால் தைரொயிட்டு முதலிய சில இரத்தப் பரிசோதனைகளின் முடிவு பிழையாகக்கூடும். இரும்பின் அளவையும் தைரொயிட்டையும் இரத்தத்திற் சோதித்து, குறை காணப்பட்டால் வைத்தியர் சொற்படி நிரப்புவதே நெறி. உதிர்வு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, வட்டம் வட்டமாக வழுக்கை விழுந்தாலோ, தலைத்தோல் சிவந்து வலித்தாலோ தாமதியாது தோல் வைத்தியரை நாட வேண்டும்.

மூன்றாவது, எண்ணெய்க்கு உரிய இடத்தைக் கொடுப்போம். உரிமையில்லா இடத்தைக் கொடாதிருப்போம். தேங்காயெண்ணெய் மயிர்த்தண்டின் தேய்வைக் குறைக்கும். வறண்ட தோலின் ஈரத்தையும் காக்கும். ஓய்வுக்குச் சென்ற வேரை அது எழுப்பாது. ஆகவே வாசனைப் போத்தலுக்கு ஆயிரக்கணக்கிற் செலவிடுவதிலும் அப்பணத்திற்கு மீனும் முட்டையும் வாங்குதல் நன்று. ஈரத்தலையை அழுந்த வாராமலும், கொண்டையை இறுக முடியாமலும், மென்மையாகக் கழுவியும் மயிரைக் காக்கலாம். கழுவாவிட்டால் உதிராது என்ற எண்ணம் தவறு. உதிர வேண்டியது எப்படியும் உதிரும்.

நான்காவது, தொங்கும் தோலின் மடிப்புகளில் வியர்வை தங்கிப் புண்ணும் பூஞ்சண நோயும் வருதல் எங்கள் வெக்கையில் எளிது. கழுவி, ஒற்றித் துடைத்து, உலர்வாக வைத்திருத்தல் வேண்டும். பருத்தி ஆடை நன்று. கடும் சவர்க்காரத்தைக் குறைத்து, குளித்த ஈரம் உலருமுன் மென்களிம்போ எண்ணெயோ பூசலாம். வெயிலுக்குக் குடையும் சேலைத் தலைப்பும் உதவும். தோலை முன்போல் இறுக்கித் தரும் களிம்பு உண்டென்று எவரேனும் விற்றால் அவரை நம்பவேண்டாம். எடை நிலைபெற்ற பின் தோல் ஓரளவு தானே சுருங்கும். மிகுதியாகத் தொங்கி இடர் செய்யுமாயின் சத்திரசிகிச்சை ஒன்றே வழி. இவை எவற்றின் பொருட்டும் மருந்தைத் தாமே நிறுத்திவிடாது, எடை குறையும் வேகத்தைப் பற்றி வைத்தியரோடு கலந்து பேசுதல் அவசியம்.

நாம் குறிப்பிட்ட சகோதரிக்கு இறுதியில் உதவியது, சோதனைச் சீட்டைப் பார்த்து இரும்புச்சத்துக் குறைவென்று கண்டு, பத்து நிமிடம் ஒதுக்கித் தமிழில் விளக்கிய இளம் வைத்தியர் ஒருவரின் பொறுமையே. அவரது நெற்றியோரத்தில் இப்போது குறுமயிர் எழுந்திருக்கிறது. அந்தப் பத்து நிமிடம் மருந்து தொடங்கிய நாளிலேயே கிடைத்திருந்தால், நான்கு மாத அச்சமும் அயலாரின் முணுமுணுப்பும் அவருக்கு மிச்சமாகியிருக்கும்.

பட்டினிச் சுவருக்குள் இருந்த வைத்தியர்கள் தம் உயிர் போகும் தறுவாயிலும் ஏட்டில் எழுதி வைத்தது, வருங்கால மனிதர் அறிந்து பயன்பெற வேண்டும் என்பதற்காக. மின்னசோட்டாவின் இளைஞர் பசி கிடந்தது அதற்காக. ஹோம்ஸ்பேர்க் கைதிகளோ கேட்காமலே விலை கொடுத்தார்கள். அவ்வறிவைப் பெட்டியினுள் மடித்த அந்நிய எழுத்தாக விட்டுவைப்பது அவர்களுக்குச் செய்யும் அநீதி. விற்கப்படும் ஒவ்வொரு மருந்தின் விளக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கத்தக்க எழுத்தில் இருத்தல் வேண்டும் என்பது சட்டமாகட்டும். அது வரும் வரையில், வகுப்பறையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நாம், பாடநூலின் தோலையும் மயிரையும் மாணவரின் வீட்டில் இருக்கும் தாயின் தோலோடும் மயிரோடும் இணைத்துக் கற்பிப்போம். மானிப்பாயில் தொடங்கி இடைநடுவில் நின்ற பணி அதுவே.